முதல் நாற்காலியில் நாற்பது வருடம்

1809 செப்டம்பர் 17ஆம் தேதி ஸ்வீடனும் ரஷ்யாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பல நூற்றாண்டுகளாக ஸ்வீடன் அரசின் கிழக்குப் பகுதியாக இருந்த பின்லாந்து அன்றோடு ரஷ்யப் பேரரசரின் கைக்குப் போனது. அப்போது ஸ்டாக்ஹோம் அரச இசைக்குழுவில் முதல் கிளாரினெட், அதாவது கிளாரினெட் வாசிப்பவர்களில் தலைமை இடம், வகித்தவருக்கு வயது 33. பெயர் பெர்ன்ஹார்ட் ஹென்ரிக் க்ரூசெல். பின்லாந்தின் மேற்குக் கடற்கரையில் பிறந்தவர். ஒரே அரசுக்குள் கடலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பிழைக்க வந்தவர். பதினெட்டு வருடம் கழித்து, அவர் பிறந்த ஊர் இன்னொரு நாட்டில் இருந்தது.

இசையமைப்பாளர், இசை நடத்துநர், கிளாரினெட் கலைஞர் என்று மூன்று பட்டங்களோடுதான் கலைக்களஞ்சியங்கள் இவரைப் பற்றி ஆரம்பிக்கின்றன. மூன்றையும் அடுக்கி வைத்தால் ஏதோ பிறவி மேதை, தொட்டதெல்லாம் துலங்கியது என்று தோன்றும். க்ரூசெலின் வாழ்க்கையை எனக்குக் கிடைத்த வரைக்கும் படித்ததில் எனக்குத் தெரிவது வேறு. குடும்பச் செல்வாக்கும் பணமும் இல்லாத ஒரு மனிதர், வந்து சேர்ந்த இடத்தில் தான் இல்லாமல் முடியாது என்ற நிலையை ஒவ்வொரு படியாக உண்டாக்கிக்கொண்டார். கிளாரினெட் அவருக்குச் சோறு போட்டது. பேண்டு நடத்துவது அந்தச் சோற்றுக்கு உத்தரவாதம் தந்தது. இசையமைப்பு மட்டும்தான் யாரும் கேட்காமல் அவரே எடுத்துக்கொண்டது. இன்று மிஞ்சியிருப்பது அந்த மூன்றாவது.

கிளாரினெட் என்றதும் நம்மில் பலருக்கு ஏ.கே.சி. நடராஜன் நினைவுக்கு வருவார். அதே கருவிதான். ஆனால் க்ரூசெல் பிறந்த 1775இல் அது இன்னும் முழுசாக வளராத கருவி. ஐந்து கீகளோடு, பாதி ஸ்வரங்களை விரல்களைக் கோணல்மாணலாக வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராக்களில் அதற்கு நிரந்தரமான இடம் கிடைத்ததே அவருடைய காலத்தில்தான்.

அவர் பிறந்த ஊர் ஊசிகௌபுங்கி. சின்னத் துறைமுக ஊர். அப்பா ஏழை புத்தகக் கட்டுநர், தாத்தாவுக்கும் அதே தொழில். வீட்டில் இசை கிடையாது. ஊரில் ஒரு கடைச் சிப்பந்தி மட்டும் மாலை வேளைகளில் தன் சந்தோஷத்துக்காகப் புல்லாங்குழல் வாசிப்பாராம். நாலு வயதுப் பையன் தெருவில் ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டான். தேடி அலைந்த பெற்றோர் கடுமையாகத் திட்டினார்கள். மறுநாள் மாலையும் அதே சுவர். இந்த முறை அடி விழுந்தது. அதற்கும் அடங்கவில்லை. கடைசியில், குழல் நின்றதும் தானாக வீட்டுக்கு வந்துவிடுவான் என்று விட்டுவிட்டார்கள்.

இதைப் பிற்காலத்தில் க்ரூசெலே எழுதிய சுருக்கமான தன்வரலாற்றில் சொல்கிறார். இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது பையனின் பிடிவாதம் மட்டுமல்ல, பெற்றோரின் விட்டுக்கொடுப்பும்தான். அவர்களுக்கு அது புரியவில்லை. ஆனால் அவன் போகும் இடமும் திரும்பி வரும் நேரமும் தெரிந்துவிட்டது, அது போதும் என்று இருந்துவிட்டார்கள். இசையே இல்லாத வீட்டிலிருந்து ஓர் இசைக்கலைஞர் வருவதற்கு இந்த அளவு இடம் கிடைத்தாலே போதும் போலிருக்கிறது.

எட்டு வயதில் குடும்பம் ஹெல்சிங்கிக்கு வடக்கே நூர்மியார்வி என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு நண்பனின் கிளாரினெட்டை வாங்கிக் காதால் கேட்டே வாசிக்கப் பழகினான். பிறகு பக்கத்துப் படைப்பிரிவின் பேண்டிலிருந்த ஒருவர் முறையாகச் சொல்லிக்கொடுத்தார். 1788இல், பதின்மூன்று வயதில், குடும்ப நண்பர் ஒருவர் அவனை ஸ்வேயாபோர்க் கோட்டைக்குக் கூட்டிப்போய் வல்லென்ஷேர்னா என்ற மேஜரின் முன்னால் வாசிக்க வைத்தார்.

ஸ்வேயாபோர்க் என்பது ஹெல்சிங்கிக்கு எதிரே கடலில் ஆறு தீவுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கோட்டை. இன்று அதன் பெயர் சுவோமென்லின்னா, சுற்றுலாப் பயணிகள் படகில் போய்ப் பார்க்கிறார்கள். 1788 போர்க்காலம். மூன்றாம் குஸ்தாவ் அரசர் அந்த வருடம்தான் ரஷ்யாவோடு சண்டையைத் தொடங்கியிருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு படை அதிகாரி ஏழைப் பையன் ஒருவனின் வாசிப்பைக் கேட்டு, கோட்டை பேண்டில் தொண்டனாகச் சேர்த்து, தன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவும் வைத்தார். 1791இல் அவருக்கு ஸ்டாக்ஹோமுக்கு மாற்றல் வந்தது. பையனும் கூடவே போனான்.

இந்த இடத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அவருடைய வேலை வாழ்க்கையின் அஸ்திவாரமாகத் தெரிகிறது. பதினைந்து வயதில் அவருக்கென்று இருந்தவை ஒரு கிளாரினெட்டும் ஒரு மேஜரின் நல்லெண்ணமும்தான். அந்த நல்லெண்ணம் போனால் எல்லாம் போயிற்று. நானும் வேறு நாட்டிலிருந்து வந்து ஸ்டாக்ஹோமில் வாழ்கிறவன். ஒருவருடைய தயவில் முதல் வேலை கிடைத்து, அந்தத் தயவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று இரண்டாவது வேலையும் மூன்றாவது திறமையும் தேடும் ஆட்களை எனக்கு நிறையவே தெரியும். க்ரூசெலின் அடுத்த நாற்பத்தைந்து வருடத்தை அந்தக் கண்ணோடுதான் படிக்க முடிகிறது.

ஸ்டாக்ஹோமுக்கு வந்த மறு வருடம், பதினாறு வயதில், படைப்பிரிவு பேண்டின் தலைவர் ஆனார். அதே 1792 மார்ச்சில்தான் ஓபரா மாளிகையில் நடந்த முகமூடி நடனத்தில் மூன்றாம் குஸ்தாவ் சுடப்பட்டார். மாத முடிவுக்குள் இறந்தார். ஓபராவைக் கட்டி வளர்த்த அரசர் அவர். அவர் போனாலும் அரச இசைக்குழுவான ஹோவ்கபெல்லெட் தொடர்ந்தது. 1793இல் க்ரூசெல் அதில் முதல் கிளாரினெட்டாக அமர்ந்தார். அந்த இருக்கையை 1833 வரை விடவில்லை.

அந்த இசைக்குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அவரை எடுத்த காலத்து இயக்குநர் அபே ஃபோக்லர் ஜெர்மன்காரர். அதற்குச் சற்று முன் இறந்துபோன பெரிய இசையமைப்பாளர் யோசஃப் மார்ட்டின் க்ரௌஸ் ஜெர்மன்காரர். பின்னால் வந்த ஹெஃப்னரும் அப்படியே. எடுவார் டு புய் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். ப்ரொய்மயர் சகோதரர்கள் என்று மூன்று பஸூன் (தாழ்ந்த குரலுள்ள நீளமான ஊதுகருவி) கலைஞர்கள் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஸ்வீடனின் தேசியப் பெருமை என்று சொல்லப்படுகிற அந்த நிறுவனத்தின் தலைமையிடங்கள் பெரும்பாலும் வந்தேறிகளின் கையில்தான் இருந்தன. 1810க்குப் பிறகு அரச குடும்பமே அப்படித்தான். பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெர்னடாட், நெப்போலியனின் மார்ஷலாக இருந்த பிரெஞ்சுக்காரர்.

1798இல் க்ரூசெலுக்கு உதவிப் பணம் கிடைத்து சில மாதம் பெர்லினுக்குப் போனார். அங்கே கிளாரினெட் கலைஞர் ஃப்ரான்ஸ் டௌஷிடம் பாடம். ஏற்கனவே ஐந்து வருடம் முதல் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர் மாணவனாகப் போய் உட்கார்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய அந்தக் காலகட்டத்தில்தான் அவர் வாசிப்பில் ஒரு பெரிய மாற்றமும் வந்தது. அன்றைக்கு நிறையப் பேர் கிளாரினெட்டை ரீட், அதாவது ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய நாணல் பட்டை, மேலே இருக்கும்படி, மேலுதட்டில் படும்படி பிடிப்பார்கள். க்ரூசெலும் அப்படிக் கற்றவர்தான். பிறகு ரீட் கீழே, கீழுதட்டின் மேல் உட்காரும் முறைக்கு மாறினார். இன்று எல்லோரும் வாசிக்கும் முறை அது.

இது கேட்க அற்பமான மாற்றமாகத் தோன்றலாம். கிளாரினெட் தொட்டவர்களுக்குத் தெரியும், இது வாயை முழுசாகப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டும் வேலை. உதடு, நாக்கு, மூச்சின் கோணம் எல்லாம் மாறும். பல வருடப் பழக்கம் எதிர்த்து நிற்கும். கையிலிருக்கும் வேலைக்கே ஆபத்து. ஆனால் ரீட்டைக் கீழுதடு தாங்கும்போது சத்தத்தை நூலிழை அளவுக்கு மெலியவிட முடியும், மெட்டைப் பாடுகிற மாதிரி இழுக்க முடியும். க்ரூசெலைக் கேட்ட விமர்சகர்கள் திரும்பத் திரும்பப் புகழ்ந்தது அவருடைய வேகத்தை அல்ல. தொனியையும், கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மெல்லிய வாசிப்பையும்தான்.

1803இல் பாரிஸ். புதிதாகத் தொடங்கியிருந்த கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் லெஃபேவ்ரிடம் கிளாரினெட், கோசெக்கிடமும் பெர்தோனிடமும் இசையமைப்பு. புது மவுத்பீஸ் வாங்கினார், ஓபராக்கள் பார்த்தார், நாட்குறிப்பு எழுதினார். பாரிஸின் இத்தாலிய நாடக அரங்கு அவரை முதல் கிளாரினெட்டாக வரச் சொல்லிக் கேட்டது. அன்றைய ஐரோப்பாவில் ஒரு கிளாரினெட் கலைஞருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு அதிகம் இல்லை. கருவியின் சிறந்த கலைஞர்களும் ஆசிரியர்களும் பதிப்பகங்களும் ஒரே நகரத்தில் இருந்தார்கள்.

ஸ்வீடன் அரசர் நான்காம் குஸ்தாவ் அடால்ஃப் விடவில்லை. அங்கே வேலையில் சேர்ந்தால் இங்கே சம்பளம் நிற்கும். திரும்பி வந்தால் சம்பள உயர்வும் அரசப் படைப்பிரிவுகளின் பேண்டு நடத்தும் பொறுப்பும் கிடைக்கும். க்ரூசெல் திரும்பி வந்தார்.

இதை அடிக்கடி யோசிக்கிறேன். பாரிஸில் இருந்திருந்தால் உலகப் புகழ் கிடைத்திருக்கும் என்று சிலர் எழுதுவதுண்டு. இருக்கலாம். ஆனால் அவர் நிலையில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. ஏற்கனவே ஒரு முறை ஊரை விட்டு வந்தாயிற்று. ஸ்டாக்ஹோமில் 1799இலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பத்து வருடம் உழைத்துப் பெற்ற இடத்தை விட்டு, இன்னொரு மொழியில், இன்னொரு ஊரில், பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது முறை வேரோடு பிடுங்கிக்கொண்டு போவது முதல் முறையைவிடக் கஷ்டம் என்பது புலம்பெயர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் திரும்பியதைக் கோழைத்தனம் என்றோ விதி என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறுதியான சம்பளத்தையும் வீட்டையும் தேர்ந்தெடுத்தார். அது ஒரு முழு மனிதரின் முடிவு.

அவரைப் பிடித்து வைத்த அரசரோ அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி நடக்கவில்லை. 1806இல் ஓபராவையே மூடினார். 1808 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. மே மாதத் தொடக்கத்தில் ஸ்வேயாபோர்க் சரணடைந்தது. பதின்மூன்று வயதுப் பையன் பேண்டில் சேர்ந்த அதே கோட்டை. 1809 மார்ச்சில் அதிகாரிகள் அரசரைக் கைதுசெய்து பதவியிலிருந்து இறக்கினார்கள். செப்டம்பரில் உடன்படிக்கை.

இந்தச் செய்திகள் ஸ்டாக்ஹோமுக்கு வந்தபோது க்ரூசெல் என்ன நினைத்தார் என்று சொல்ல நான் யார். அவர் செய்ததைச் சொல்லலாம். 1811இல் லைப்சிக் போய் க்யூனல் என்ற பதிப்பாளரைச் சந்தித்தார். அந்த வருடமே அவருடைய முதல் கிளாரினெட் கான்செர்ட்டோ (தனிக் கருவி ஒன்று ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு), ஓபஸ் 1, அதாவது படைப்பு எண் 1, வெளிவந்தது. நாட்டில் எல்லாம் ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், எந்த அரசரும் மூட முடியாத ஓர் இடத்தை அவர் அச்சில் கண்டுபிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பதிப்பகம் பீட்டர்ஸ் கைக்கு மாறியது. க்ரூசெலின் உறவு தொடர்ந்தது. மூன்று கான்செர்ட்டோக்கள், கிளாரினெட்டும் மூன்று தந்திக் கருவிகளும் சேர்ந்த மூன்று குவார்ட்டெட்டுகள், கிளாரினெட், ஹார்ன், பஸூன் மூன்றுக்கும் சேர்த்து ஒரு கான்செர்ட்டாந்தே.

கிளாரினெட் இசையின் பெரிய படைப்புகளை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பின்னால் இரண்டு பேர் இருப்பார்கள். மோட்சார்ட் 1791இல் தன் கான்செர்ட்டோவை அன்டோன் ஸ்டாட்லருக்காக எழுதினார். வேபர் 1811இல் ஹைன்ரிச் பேர்மனுக்காக எழுதினார். ஸ்போருக்கு ஹெர்ம்ஸ்டெட், பிற்காலத்தில் பிராம்ஸுக்கு ம்யூல்ஃபெல்ட். எழுதுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் ஒருவர். க்ரூசெலில் இரண்டும் ஒரே ஆள். அது அவருடைய பக்கங்களில் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. கிளாரினெட்டின் கீழ்ப் பகுதியிலிருந்து மேல் பகுதிக்குத் தாவும் இடத்தில், திறந்த விரல்களோடு இருக்கும் ஸ்வரத்திலிருந்து எல்லா ஓட்டைகளையும் ஒரே நொடியில் அடைக்க வேண்டிய ஒரு கஷ்டமான முடிச்சு உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் அங்கே தடுக்கி விழுவார்கள். க்ரூசெலின் வேகமான பத்திகளில் அந்த இடம் வரும்போது மூச்சுக்கும் விரலுக்கும் ஒரு கைப்பிடி வைத்திருப்பார். கஷ்டம் குறையாது. ஆனால் கையில் அடங்கும். தன் விரல்களில் முதலில் சோதித்துப் பார்த்த ஒருவர் எழுதியது என்று வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது கான்செர்ட்டோ, எஃப் மைனர் என்ற ஸ்வர வரிசையில் அமைந்தது, ஓபஸ் 5, 1818இல் வந்தது. என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த படைப்பு இதுதான். முதல் பகுதி இறுக்கமாக, சற்றே கோபத்தோடு ஆரம்பிக்கிறது. நடுப்பகுதியில் கிளாரினெட் ஒரு சொற்றொடரை நிதானமாகச் சொல்கிறது. பிறகு அதே சொற்றொடரைத் தூரத்து மலையிலிருந்து திரும்பி வரும் எதிரொலி மாதிரி, மிக மிக மெலிதாகத் தானே சொல்லிக்கொள்கிறது. வாசிக்கும்போது அந்த எதிரொலிதான் உயிர் போகும் இடம். சத்தம் குறையலாம், ஸ்ருதி விலகக் கூடாது. மெலியும்போது கிளாரினெட்டின் ஸ்ருதி மேலே ஏறும் குணம் கொண்டது. அதை உதட்டால் தடவிக்கொடுத்து உட்கார வைக்க வேண்டும். ரீட்டைத் திருப்பி வைத்து வாயை மறுபடி பழக்கிய மனிதர் எதற்காக அதைச் செய்தார் என்பது இந்தச் சில வரிகளில் கிடைத்துவிடுகிறது.

அந்தக் கான்செர்ட்டோவின் முதல் பக்கத்தில் ஒரு சமர்ப்பணம் இருக்கிறது. ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்ஸாண்டருக்கு. பின்லாந்தை எடுத்துக்கொண்ட அதே பேரரசர்.

நான் வாசிக்கும் அமெச்சூர் ஊதுகருவிக் குழுவில் இதைப் பற்றி இடைவேளையில் ஒரு முறை பேச்சு வந்தது. என் பக்கத்தில் இரண்டாவது கிளாரினெட் வாசிக்கும் அம்மா பின்லாந்திலிருந்து 1970களில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்வீடன்காரர், “சொந்த ஊரைப் பிடுங்கினவருக்கே சமர்ப்பணமா?” என்று கேட்டார்.

“பிடுங்கினவர் கையிலதானே என் ஊர் இருக்கு. வேற யார்கிட்ட எழுதறது?” என்றார் அந்த அம்மா.

“அப்போ அவர் உங்க ஆளா, எங்க ஆளா?”

“நாற்பது வருஷம் உங்களுக்கு வாசிச்சாரு. அதுக்கு மேலயும் கேட்டா எப்படி?”

சமர்ப்பணத்துக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். பேரரசர்களுக்குச் சமர்ப்பித்தால் அன்பளிப்பு கிடைக்கும், பதிப்பாளருக்கும் விற்பனை நடக்கும். அன்றைய வழக்கம் அது. முதல் கான்செர்ட்டோவை ஒரு கோமகனுக்கும் மூன்றாவதை ஸ்வீடன் பட்டத்து இளவரசர் ஆஸ்கருக்கும் சமர்ப்பித்தார். ஆனாலும் அந்த அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஊர் யார் ஆட்சியில் இருக்கிறதோ அவர்களிடம்தானே ஊருக்கான கதவும் இருக்கிறது. 1801இல், பீட்டர்ஸ்பர்க் போய்த் திரும்பும் வழியில், ஹெல்சிங்கியிலும் டுர்குவிலும் கச்சேரி செய்துவிட்டு வந்தவர் அவர். அப்போது அந்த ஊர்களில் ஸ்வீடன் கொடி பறந்தது.

நடத்துநர் வேலையைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை என்று பலர் விட்டுவிடுவார்கள். நான் அப்படி விட மாட்டேன். 1818 முதல் 1837 வரை ஒவ்வொரு கோடையிலும் க்ரூசெல் லின்ஷோப்பிங் போய் அங்கிருந்த படைப்பிரிவு பேண்டுகளை நடத்தினார். அரச இசைக்குழுவின் முதல் கிளாரினெட் கலைஞர், ராயல் இசை அகாடமியின் உறுப்பினர், லைப்சிக்கில் அச்சாகும் இசையமைப்பாளர், கோடை வந்தால் மைதானத்தில் சிப்பாய்களோடு நிற்பார். அவர்களுக்காக ரோசினி, ஸ்போர், வேபர் ஆகியோரின் முன்னிசைகளை ஊதுகருவிகளுக்கு மாற்றி எழுதினார். ஓபரா மாளிகையின் வாசலைக்கூடப் பார்க்காத மக்களுக்கு அந்த இசை இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஒலித்தட்டும் வானொலியும் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்னால், ஒரு சிறு நகரத்தில் புது இசை கேட்க வேண்டுமென்றால் ராணுவ பேண்டுதான் வழி. தானும் ஒரு காலத்தில் கோட்டை பேண்டுப் பையன் என்பதை அவர் மறந்திருக்க முடியாது. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆன பிறகும் அந்த வேலையை விடவில்லை.

மொழிபெயர்ப்பும் செய்தார். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய ஓபராக்களை ஸ்வீடன் மொழியில் பாடும்படி எழுதிக்கொடுத்தார். 1821இல் மேடையேறிய மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ அவர் மொழிபெயர்த்ததுதான். பாட்டின் அசைக்குப் பொருந்தும்படி இன்னொரு மொழிச் சொல்லைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு மொழிக் காதும் வேண்டும், இசைக் காதும் வேண்டும். 1824இல் ‘சின்ன அடிமைப் பெண்’ என்ற சொந்த ஓபரா. அடுத்த 14 வருடத்தில் 34 முறை மேடையேறியது, நல்ல வரவேற்புதான். ஸ்வீடன் கவிஞர் டெங்னேரின் ஃப்ரித்யோஃப் காவியத்திலிருந்து பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். அதுவும் அன்றைக்குப் பிரபலம். இவற்றில் நான் திரும்பத் திரும்பக் கேட்பவை குறைவு. அவர் காலத்து ரசனைக்குப் பொருந்தியவை.

1822இல் ஜெர்மனிக்குக் கடைசிப் பயணம். பெர்லினில் மெண்டல்சோனைச் சந்தித்தார், அப்போது அவர் சிறுவன். டிரெஸ்டனில் வேபர். அவருடைய பயண நாட்குறிப்புகளை 1977இல் ஸ்வீடனில் புத்தகமாக வெளியிட்டார்கள். பயணங்களில் பின்லாந்து மொழி தெரிந்தவர் யாராவது கிடைத்தால் அவர்களோடு அந்த மொழியிலேயே பேசினார் என்பது அந்தக் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. ஊரை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த மொழி அவரை விட்டுப் போகவில்லை. கடைசிக் காலத்தில் பின்லாந்தின் பெரும் கவிஞர் ரூனெபேரிக்கு எழுதிய கடிதத்தில் தன்னைப் பின்லாந்துக்காரர், ஊர்க்காரர் என்றே குறிப்பிட்டுக்கொண்டார். அதே காலத்தில் ஸ்வீடன் அவருக்கு வாசா விருதும் ஸ்வீடிஷ் அகாடமியின் தங்கப் பதக்கமும் கொடுத்தது. இரண்டும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்கினால்தான் மற்றது நிற்கும் என்று அவர் வாழவில்லை. 1838 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் இறந்தார்.

பிறகு நீண்ட மௌனம். தேர்ந்த வாசிப்பாளர் எழுதிய இசைக்கு ஒரு சாபம் உண்டு. அவர் போனதும், “இது கலைஞர் தன் கைவரிசையைக் காட்ட எழுதியது” என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவார்கள். க்ரூசெலையும் அப்படித்தான் செய்தார்கள். 1980களில் நிலைமை மாறியது. இங்கிலாந்தில் கிளாரினெட் கலைஞர் தியா கிங் அவருடைய இசையைப் பதிவு செய்தார். 1984இல் பிபிசியின் இளம் இசைக்கலைஞர் போட்டியில் எம்மா ஜான்சன் என்ற பெண் க்ரூசெலின் கான்செர்ட்டோவை வாசித்து முதல் பரிசு வாங்கினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் பலர் அந்தப் பெயரையே முதல் முறையாகக் கேட்டிருப்பார்கள். ஊசிகௌபுங்கியில் 1982 முதல் ஒவ்வொரு கோடையிலும் அவர் பெயரில் இசை வாரம் நடக்கிறது. ஹெல்சிங்கியில் அவர் பெயரில் ஒரு பாலமும் இருக்கிறது.

இந்த மீட்சியில் எனக்குப் பிடித்த பெயர் ஓஸ்மோ வான்ஸ்கா. பின்லாந்துக்காரர். கிளாரினெட் கலைஞராக ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து, பிறகு நடத்துநராகி, அமெரிக்கா போய் மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவைப் பல வருடம் வழிநடத்தியவர். க்ரூசெலின் குவார்ட்டெட்டுகளைக் கிளாரினெட்டில் வாசித்தும், கான்செர்ட்டோக்களை நடத்தியும் பதிவு செய்திருக்கிறார்.

சரி, எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? நிறையப் பேர் கான்செர்ட்டோவைச் சொல்வார்கள். நான் முதலில் சி மைனர் குவார்ட்டெட்டைச் சொல்வேன், ஓபஸ் 4. ஆர்கெஸ்ட்ரா இல்லாததால் அவர் குரல் பக்கத்தில் கேட்கும். கிளாரினெட்டும் வயலினும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் பேசிக்கொள்ளும். அப்புறம் எஃப் மைனர் கான்செர்ட்டோ. அதன் பிறகு 1829இல் எழுதிய பஸூன் கன்செர்ட்டினோ, சின்ன கான்செர்ட்டோ. அதை ஃப்ரான்ஸ் ப்ரொய்மயருக்காக எழுதினார், ஜெர்மனியிலிருந்து வந்த அந்த மூன்று சகோதரர்களில் ஒருவர், க்ரூசெலின் மருமகன். பஸூனைக் கோமாளிக் கருவி என்று நினைப்பவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

வீட்டில் யாராவது கிளாரினெட் கற்றுக்கொண்டிருந்தால், இரண்டு கிளாரினெட்டுகளுக்காக அவர் எழுதிய மூன்று டூயட்டுகள் இருக்கின்றன. பியானோ வேண்டாம், இன்னொரு கிளாரினெட்காரர் போதும். இரண்டாவது பாகத்தை எடுப்பவரும் நன்றாகப் பயிற்சி செய்துவிட்டு வர வேண்டும். நல்ல மெட்டுகளில் பாதியை க்ரூசெல் அங்கேதான் எழுதி வைத்திருக்கிறார்.